வச்சிரம், ஃபெவிகால், லேத்து: உக்கடத்தில் கிடைத்த ஒரு டபுள் பேஸ்

உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் எதைத் தொட்டாலும் அதற்கு ஒரு வரலாறு உடனே கிடைத்துவிடும். மேசை விசிறி என்றால் மில் முதலாளி பங்களாவில் ஓடியது. கிராமபோன் என்றால் ஊட்டியில் வெள்ளைக்காரத் துரை வைத்திருந்தது. மூன்று வருஷம் முன்னால் நான் அங்கே ஒரு டபுள் பேஸ் வாங்கினேன். வயலின் குடும்பத்தின் பெரியண்ணன்; நிமிர்த்தினால் ஆளுயரத்துக்கும் மேலே நிற்கும். கழுத்து ஆட்டம் கண்டு, முன்பலகை பிளந்து, பழைய டயர்களுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது. அதற்கும் வரலாறு தயாராக இருந்தது. "ஸ்டுடியோ சாமான் தம்பி இது. சிங்காநல்லூர்ல எம்ஜிஆர் படத்துக்கெல்லாம் வாசிச்சது. கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்கார பாய்.

நான் கண்ணை மூடவில்லை, பேரம் பேசித்தான் எடுத்தேன். ஆனால் அந்த "ஸ்டுடியோ சாமான்" என்ற சொல் மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. மரவேலை எனக்குத் தொழில் கிடையாது, ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்குதான். அந்த வாத்தியத்தைச் சரிசெய்ய ரெண்டு வருஷம் ஆனது. அந்த ரெண்டு வருஷமும் கூடவே இன்னொரு வேலையும் நடந்தது. காகிதம் ஏதும் இல்லாத ஒரு பொருளிடம், "நீ எங்கிருந்து வந்தாய்?" என்று கேட்டு, அது சொல்வதை மட்டும் எழுதி வைப்பது. அந்தக் குறிப்புகள்தான் இது.

கோவைக்கு வருவதற்கு மூன்று வழிகள்

முதலில் பாய் சொன்ன கதையையே எடுத்துக்கொள்வோம். அது நடக்கவே முடியாத கதை இல்லை. 1930களின் நடுவில் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ வந்தது. சோமசுந்தரமும் மொகிதீனும் நடத்திய ஜூபிடர் பிக்சர்ஸ் அங்கேதான் படம் எடுத்தது. எம்ஜிஆர் முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' (1947) அங்கே எடுக்கப்பட்ட படம். அதற்கு இசை எஸ்.எம்.சுப்பையா நாயுடு. பின்னாளில் மெல்லிசை மன்னர் ஆன எம்.எஸ்.விஸ்வநாதன் சின்னப் பையனாக எடுபிடி வேலை பார்த்ததும் அதே கம்பெனியில்தான். இன்னொரு பக்கம் ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டுடியோ. 'மலைக்கள்ளன்' (1954) அவர்கள் படம். அதற்கும் இசை சுப்பையா நாயுடுதான். அதையே இந்தியில் திலீப் குமாரை வைத்து 'ஆசாத்' (1955) என்று எடுத்தார்கள். கொஞ்சம் வடக்கே போனால் சேலத்தில் டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ். கொங்கு நாடு ஒரு காலத்தில் சினிமா நாடாகவும் இருந்தது. அந்த நாளில் ஸ்டுடியோக்களும் பட முதலாளிகளும் மாசச் சம்பளத்துக்கு வாத்தியக்காரர்களை வைத்திருப்பது வழக்கம். சம்பளத்துக்கு ஆள் இருந்தால் வாத்தியமும் இருந்திருக்கும்.

ரெண்டாவது வழி போத்தனூர். உக்கடத்திலிருந்து ஆத்துப்பாலம் தாண்டி, குறிச்சிப் பக்கம் திரும்பினால் கொஞ்ச நேரத்தில் போத்தனூர் வந்துவிடும். மெட்ராஸிலிருந்து மேற்குக் கரைக்குப் போன ரயில்பாதை 1862-இல் இந்த வழியாகத்தான் போனது. ரயில்வே காலனி என்றால் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள். அவர்கள் இருந்தால் கிறிஸ்துமஸுக்கும் புது வருஷத்துக்கும் நடனம் இருக்கும். நடனத்துக்கு ஒரு பியானோ, ஒரு சாக்சபோன், டிரம்ஸ், ஓரமாக நின்றுகொண்டு ஒருவர் டபுள் பேஸ். 1947-க்குப் பிறகு அந்தக் குடும்பங்களில் நிறையப் பேர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடிபெயர்ந்தார்கள். கப்பலில் ஏற்ற முடியாத பெரிய சாமான்களை என்ன செய்திருப்பார்கள்? வந்த விலைக்கு விற்றிருப்பார்கள்.

மூன்றாவது வழி மலை. ஊட்டி, மெட்ராஸ் மாகாணத்தின் கோடைத் தலைநகர். கிளப், ஓட்டல், பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் மேற்கத்திய வாத்தியங்கள் இருந்தன. அவற்றை இறக்குமதி செய்து விற்கவும் பழுது பார்க்கவும் மெட்ராஸில் 1842 முதலே மிஸ்கித் கம்பெனி இருந்தது. இன்றைக்கு அண்ணா சாலையில் இருக்கிற மியூசி மியூசிக்கல் அதன் தொடர்ச்சிதான். மலையில் வேண்டாம் என்று ஆன சாமான் மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்குத்தானே இறங்கும்?

ஆக மூன்று வழியும் உக்கடத்தில் வந்து முடிகிறது. பாய் சொன்னது ஒரு வழியை மட்டும். காரணம் எளிது: எம்ஜிஆர் பேருக்கு விலை உண்டு, பேர் தெரியாத ரயில்வே கார்டுக்கு விலை இல்லை.

மரம் சொன்னது

டபுள் பேஸ் 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் உருவெடுத்த வாத்தியம். நாலு தந்தி. வயலின் தந்திகளை ஐந்தாம் சுர இடைவெளியில் கூட்டுவார்கள்; இதில் நாலாம் சுர இடைவெளி, ஏனென்றால் தந்தி ஒரு மீட்டருக்கும் நீளம், கை எட்டாது. கடைசித் தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் அதிரும். மனுஷக் காது கேட்கத் தொடங்கும் 20 ஹெர்ட்ஸிலிருந்து ஒரே ஒரு ஸ்தாயிதான் மேலே.

என்னிடம் வந்ததில் முன்பலகை மட்டும் முழு மரம், ஸ்ப்ரூஸ். முதுகும் பக்கவாட்டும் ஒட்டுப்பலகை. இதிலிருந்தே காலம் ஓரளவு தெரிந்துவிடும். தொழிற்சாலைகள் ஒட்டுப்பலகையில் டபுள் பேஸ்களைப் பெருவாரியாகச் செய்தது 1930களுக்குப் பிறகு; சிகாகோவின் கே கம்பெனி தொடங்கியது 1937-இல். அதனால் இது துரைமார் காலத்துப் பழம்பொருள் இல்லை. பணக்கார வாத்தியமும் இல்லை. வேலைக்காரன் கருவி.

அடுத்தது நட்டு, அதாவது கழுத்தின் உச்சியில் தந்தி உட்காரும் சின்னக் கட்டை. அதில் இருந்த பள்ளங்கள் அகலமானவை. ஆட்டுக்குடல் நரம்பில் செய்த பழைய தந்திகள் தடிமனானவை. 1950களில் பரவத் தொடங்கிய இரும்புத் தந்தி மெல்லிசு. என்னுடையதில் அகலப் பள்ளத்துக்குள்ளேயே இன்னொரு குறுகல் பள்ளம் அறுத்திருந்தார்கள். அதாவது நரம்புத் தந்தியில் ஆரம்பித்து இரும்புத் தந்திக்கு மாறிய வாத்தியம்.

எனக்கு ரொம்பப் பிடித்த சாட்சி முன்பலகையில், தந்திகளுக்கு நேர் கீழே, குதிரைக்கும் ஃபிங்கர் போர்டுக்கும் நடுவில் இருந்தது. அங்கே கறுப்பாக ஒரு அடை. ஊசியால் சுரண்டி நெருப்பில் காட்டினேன், குங்கிலிய வாசம் மாதிரி வந்தது. ரோசின். வில்லுக்குப் பூசும் பிசின் தூள் வருஷக்கணக்கில் விழுந்து இறுகியிருந்தது. நடன பேண்டில் டபுள் பேஸைப் பெரும்பாலும் விரலால்தான் மீட்டுவார்கள், இவ்வளவு ரோசின் விழாது. வில் போட்டு வாசிப்பது வயலின் கூட்டத்தோடு சேர்ந்து உட்காரும் இடத்தில்: சர்ச், பள்ளிக்கூட ஆர்க்கெஸ்ட்ரா, அல்லது சினிமா.

இந்த இடத்தில் பாய் சொன்ன கதைக்குத் தராசு கொஞ்சம் சாய்கிறது. ஆனால் சாய்வது வேறு, நிரூபணம் வேறு. பழைய பாட்டுகளைப் போட்டுக் கேட்டுக் கண்டுபிடிக்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். அங்கேயும் ஒரு சிக்கல். அந்தக் காலத்துப் பிலிம் ஒலித்தடத்தில் 41 ஹெர்ட்ஸ் மாதிரியான அடி ஒலி உருப்படியாகப் பதியாது. மேலே உள்ள கிளை ஒலிகள்தான் பதியும். அந்தக் கிளைகளைக் கேட்டுவிட்டு, இல்லாத அடியை நம்ம காதே கற்பனை பண்ணிக்கொள்ளும். ஒரு டபுள் பேஸ் அங்கே இருந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். அது இந்த டபுள் பேஸ்தானா என்று எந்தப் பாட்டும் சொல்லாது.

பசை சொன்னது

பெட்டியைத் திறந்த பிறகுதான் கதை நான் நினைக்காத பக்கம் திரும்பியது.

வயலின் குடும்பத்து வாத்தியங்களைத் திறப்பதற்காகவே செய்திருப்பார்கள். ஆணி கிடையாது, திருகு கிடையாது. முன்பலகையைப் பக்கவாட்டோடு ஒட்டியிருப்பது மிருகத்தோலைக் காய்ச்சி எடுத்த பசை. அதற்கு ஆங்கிலப் பேர் தேட வேண்டியதில்லை. நம்ம ஆசாரிமார் காலகாலமாக 'வச்சிரம்' என்று சொல்வது அதே பசையைத்தான். ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துச் சூடு பண்ண வேண்டும். கொதிக்க விட்டால் பலம் போய்விடும், 60 டிகிரி போதும். வாசம் மட்டும் வீட்டில் உள்ளவர்களின் பொறுமையைச் சோதிக்கும்.

செல்வபுரத்தில் ஒரு வயசான ஆசாரியிடம் யோசனை கேட்கப் போனேன். வாத்தியத்தை அவர் முன்னே பின்னே பார்த்ததில்லை. ஆனால் ஓரத்து ஒட்டை நகத்தால் தட்டிப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "இது வச்சிரமுங்க தம்பி. வெயிலுக்கும் மழைக்கும் மரம் இழுக்குமில்லீங்களா, அப்ப மொதல்ல வச்சிரம் உட்டுக்குடுக்கோணும். அது உட்டுக்குடுக்கலீன்னா பலகை பொளந்துக்கும்."

இத்தாலியிலும் ஜெர்மனியிலும் வாத்தியம் செய்கிறவர்கள் சொல்வதும் இதேதான். ஓரத்து ஒட்டு வேண்டுமென்றே கொஞ்சம் பலவீனமாக இருக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் ஈரக்காத்தும், மாசி பங்குனியில் வறண்ட காத்தும் அடிக்கிற ஊரில் மரம் சும்மா இருக்காது. ஒட்டு விட்டால் திரும்ப ஒட்டலாம். பலகை பிளந்தால் அது ஆயுசுக்கும் காயம்.

மெல்லிசான பட்டி பிளேடால் ஓரத்தைத் திறந்தேன். இடையிடையே ஊசியில் ரெண்டு சொட்டு ஸ்பிரிட் விட்டால் வச்சிரம் ஈரம் இழந்து, மொறுமொறு என்று ஆகி, 'டக்' என்று விடும். முக்கால் சுற்று அழகாக வந்தது. இடது பக்கம் கீழே ஒரு அடி நீளத்துக்கு மட்டும் அசையவே இல்லை. அந்த ஒரு அடிக்குப் பக்கத்தில்தான் முன்பலகை பிளந்திருந்தது. உள்ளே பார்த்தால் வெள்ளையாக, ரப்பர் மாதிரி ஒரு பசை. ஃபெவிகால் வகை.

ஃபெவிகால் சந்தைக்கு வந்தது 1959-இல். காய்ச்ச வேண்டாம், நாற்றம் இல்லை, டப்பாவைத் திறந்து தடவினால் போதும். அடுத்த பத்திருபது வருஷத்தில் வச்சிரச் சட்டி அடுப்பை விட்டு இறங்கிவிட்டது. நாற்காலிக்கும் அலமாரிக்கும் அது நல்ல பசைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாத்தியத்தில் அது விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில் விட்டுக்கொடுக்காது, அதே சமயம் தொடர்ந்து இழுவிசை இருக்கிற இடத்தில் மெதுவாக நழுவும். அது உட்கார்ந்த மரத்தில் வேறு பசையும் சரியாகப் பிடிக்காது.

இன்னும் உள்ளே, பழைய விரிசல் ஒன்றின் மேல் வரிசையாக ஆறு சின்ன மரத்துண்டுகள். விரிசலைக் கட்டிப் பிடிக்க ஒட்டுவது. ஒவ்வொன்றும் ஒரே அளவு, ஓரம் சரிவாகச் சீவியது, ரேகை குறுக்காக. எல்லாம் வச்சிரம். யாரோ வாத்தியம் தெரிந்த ஆள், அவசரமில்லாமல் செய்த வேலை. அந்த ஆறு துண்டில் நாலு தேக்கு. ஐரோப்பாவில் பழுது பார்த்திருந்தால் ஸ்ப்ரூஸ்தான் போட்டிருப்பார்கள். ஆகவே இந்தியாவில், பெரும்பாலும் ஃபெவிகால் பரவும் முன்பு நடந்த வேலை.

அதோடு பெட்டிக்குள் ஒரு பிடி பஞ்சு, ரெண்டு பீடித்துண்டு. பஞ்சை வைத்துக் கோயமுத்தூரில் எதையும் நிரூபிக்க முடியாது என்பது கோயமுத்தூர்க்காரர்களுக்குத் தெரியும்.

லேத்து சொன்னது

மேலே தலைப்பக்கம் தந்தியை முறுக்கும் பிரடைகள் நாலு. டபுள் பேஸில் நாலு தந்தியும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல் இழுக்கும், வெறும் மரப்பிரடை தாங்காது. அதனால் திருகுமரையும் பல்சக்கரமும் வைத்த உலோக பிரடை. என்னுடையதில் ரெண்டு பழசு, தொழிற்சாலையில் வார்த்தது. மற்ற ரெண்டும் பித்தளை உருளையிலிருந்து லேத்தில் கடைந்து பல் வெட்டியது. அளவு கச்சிதம். ஆனால் பல்லின் ஓரத்தில் கைஅரம் ஓடிய கோடு தெரிகிறது. கழுத்துக்கும் உடம்புக்கும் நடுவில் குறுக்கே ஒரு இரும்பு போல்ட்டும் இறக்கியிருந்தார்கள், ரெண்டு பக்கமும் வட்டத் தகடு வைத்து.

பம்பும் மோட்டாரும் செய்கிற ஊரில் இது ஒரு வேலையே இல்லை. பீளமேடு, கணபதிப் பக்கம் ஏதோ ஒரு பட்டறையில், "இதே மாதிரி ரெண்டு வேணும்" என்று உடைந்த பிரடையைக் காட்டியிருப்பார்கள். இது என்ன வாத்தியம், எப்படி ஒலிக்கும் என்று கடைந்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதுகூட இல்லை. ஜெர்மனிக்கு எழுதி உதிரிப்பாகம் வரவழைக்க அந்தக் காலத்தில் இறக்குமதி லைசென்ஸ் வேண்டும். லேத்துக்கு லைசென்ஸ் வேண்டாம்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்டுடியோவா, போத்தனூரா, மலையா என்ற கேள்விக்குக் கிடைத்தது ஒரு சாய்வு மட்டும். ஆனால் உறுதியாகச் சொல்ல முடிந்தது வேறொன்று: இந்த வாத்தியத்தைக் குறைந்தது மூன்று பேர் காப்பாற்றியிருக்கிறார்கள். தேக்குத் துண்டு ஒட்டியவர், பித்தளை கடைந்தவர், ஃபெவிகால் தடவியவர். மூன்றாமவர் கெடுதல் செய்துவிட்டார் என்றாலும், அவரும் இதைத் தூக்கிப் போடாமல் இன்னும் கொஞ்ச நாள் வாசிக்கத்தான் நினைத்திருக்கிறார்.

எதை எடுப்பது, எதை விடுவது

சிக்கல் இங்கேதான். வாத்தியங்களைச் சேகரிக்கிற ஒருவர் படங்களைப் பார்த்துவிட்டு, "அந்த லோக்கல் பிரடையைக் கழட்டிட்டு ஜெர்மன் செட் போடுங்க, போல்ட்டை எடுத்து ஓட்டையை மூடுங்க, வார்னிஷை முழுசாத் தேய்ச்சுப் புதுசா அடிங்க. ஒரிஜினல் கண்டிஷன்ல இருந்தா மதிப்பே வேற" என்றார். அவர் சொன்னதில் சந்தை நியாயம் இருக்கிறது. ஆனால் அப்படிச் செய்தால் மிஞ்சுவது என்ன? பேர் தெரியாத ஒரு ஐரோப்பியத் தொழிற்சாலையின் சாதாரண வாத்தியம். கோவைக்கு அது வந்ததற்கான ஒரே சாட்சி குப்பைக்குப் போயிருக்கும். ரோசின் அடையையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தால், பாய் கதைக்கு இருந்த ஒரே ஆதரவும் போயிருக்கும்.

நம்ம கோயில்களில் இது நடந்திருக்கிறது. திருப்பணி என்ற பேரில் மணல் வீச்சு அடித்து, கல் பளபளப்பானது, கல்வெட்டு அழிந்தது. கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான 1964-ஆம் வருஷத்து வெனிஸ் சாசனம் இதற்கு ஒரு எல்லை போட்டது. ஊகம் எங்கே தொடங்குகிறதோ அங்கே சீரமைப்பு நின்றுவிட வேண்டும்; பல காலத்து வேலைப்பாடுகள் சேர்ந்திருந்தால் எல்லாக் காலத்துக்கும் மரியாதை உண்டு. அது பெரிய கோட்டைகளுக்கும் கோயில்களுக்கும் எழுதியதுதான். டயர்க் கடைப் பேஸுக்கும் பொருந்தாமல் இல்லை.

நான் வைத்துக்கொண்ட விதி ரொம்பச் சாதாரணமானது. வாத்தியத்துக்குக் கெடுதல் செய்வது போகட்டும், மற்றது இருக்கட்டும். ஃபெவிகாலை வெந்நீர்த் துணியும் சூடான பிளேடும் வைத்து ஒரு மாசம் சுரண்டி எடுத்தேன். பிளந்த பலகையை வச்சிரம் போட்டுச் சேர்த்தேன். கறையான் அரித்த ஓரத்துக்கு, பழைய இறக்குமதி மெஷின் வந்த பெட்டியிலிருந்து நெருக்கமான ரேகையுள்ள ஒரு பைன் பலகை கிடைத்தது. அந்த மரத்துண்டு ஆறையும் தொடவில்லை, 60 வருஷமாகப் பிடித்துக்கொண்டிருப்பதை நான் ஏன் எடுக்க வேண்டும்? போல்ட் அப்படியே இருக்கிறது. பித்தளைப் பிரடைக்கு மண்ணெண்ணெய்க் குளியல், கொஞ்சம் கிரீஸ். நாலு பிரடையில் மிருதுவாகச் சுற்றுவது அந்த ரெண்டும்தான். தேய்ந்த இடங்களில் மட்டும் அரக்குப் பாலிஷ். ரோசின் அடை இருந்த இடத்தை விட்டுவிட்டேன்.

கடைசியில் சவுண்ட் போஸ்ட். உள்ளே முன்பலகைக்கும் முதுகுக்கும் நடுவில் பசையில்லாமல் நிற்கும் ஒரு உருளைக் குச்சி. இத்தாலியர்கள் அதை 'ஆன்மா' என்பார்கள். அது நிற்கும் இடம் சில மில்லிமீட்டர் நகர்ந்தால் குரலே மாறும். ரெண்டு வாரம் அதோடு மல்லுக்கட்டிய பிறகு, கடைசித் தந்தியை வில்லால் இழுத்தபோது தரையில் வெறுங்கால் வழியாகத்தான் முதலில் தெரிந்தது. பக்கத்து அறையில் எவர்சில்வர் டம்ளர் ஒன்று கூடவே அதிர்ந்தது.

மூடுவதற்கு முன்னால் ஒரு சின்னக் காகிதம் எழுதி உள்ளே ஒட்டினேன். "சென்ட்ரல் ஸ்டுடியோ" என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் இன்னும் ஐம்பது வருஷத்தில் அதுவே ஆதாரம் ஆகிவிடும். உக்கடத்தில் வாங்கியது, திறந்த மாசம், எந்த ஒட்டு பழசு, எந்த ஒட்டு என்னுடையது, கடைக்காரர் சொன்ன கதை, "உறுதியில்லை" என்ற ஒரு சொல். அவ்வளவுதான். காகிதத்தை ஒட்டியதும் வச்சிரத்தில்தான், அடுத்துத் திறக்கிறவர் ஈரத்துணி வைத்தால் எடுத்துவிடலாம்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது சிங்காநல்லூர் ஸ்டுடியோவிலோ போத்தனூர் ரயில்வே காலனியிலோ வாத்தியம் வாசித்திருந்தால், பழைய குரூப் போட்டோக்களைக் கொஞ்சம் தேடிப் பாருங்கள். பின்வரிசையில், வயலின்காரர்களுக்குப் பின்னால், தலைக்கு மேல் ஒரு மரச்சுருள் தெரிகிறதா? தெரிந்தால் பிரடைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நாலில் ரெண்டு மட்டும் வேறு மாதிரி இருந்தால் எனக்கு எழுதுங்கள்.